வேலைக்குப் போனவரும் கூடப் போனவரும்

ஒரே நாட்டுக்குள் ஊர் மாறிப் போனால் வருமானம் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு ஆண்களிடம் ஒரு விடையும் பெண்களிடம் வேறொரு விடையும் இருக்கின்றன. ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் கிளம்பிய கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலேயே இந்த வேறுபாடு உண்டு. ஆணின் சம்பளம் பெரும்பாலும் ஏறுகிறது. பெண்ணின் சம்பளம் சில சமயம் ஏறுகிறது, பல சமயம் இருந்த இடத்திலேயே நிற்கிறது, சில சமயம் அடியோடு இல்லாமல் போகிறது. இதற்குப் படிப்போ உழைப்போ முதல் காரணம் அல்ல. யாருடைய வேலைக்காக அந்த வீடு இடம் மாறியது, கூலி யார் கையில் தரப்படுகிறது, போன இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பவைதான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கின்றன.

கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு அதிகம். ஆனால் எண்ணிக்கையில் உள்நாட்டு இடப்பெயர்வு அதைவிடப் பன்மடங்கு பெரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர் முன்பு வேறோர் ஊரில் வசித்து இப்போதைய ஊருக்கு வந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். புலம்பெயர் தொழிலாளி என்றதும் ரயில் நிலையத்தில் பையும் கையுமாக நிற்கும் இளைஞனே கண்முன் வருகிறான். அந்தச் சித்திரத்துக்கும் இந்த எண்ணிக்கைக்கும் வெகுதூரம்.

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2020-21-இல் இடப்பெயர்வு பற்றியும் கேட்டது. நாட்டு மக்களில் 28.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் என்று தெரியவந்தது. ஆண்களைத் தனியாகப் பார்த்தால் 10.7 சதவீதம், பெண்களைத் தனியாகப் பார்த்தால் 47.9 சதவீதம். அதாவது இந்தியப் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஊர் மாறியவர்கள். இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குத் திருமணமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. ஆண்களிடமோ வேலை தேடியும் கிடைத்த வேலையில் சேரவும் போனதுதான் முதன்மையான காரணம்.

வேலைக்காக ஊர் மாறுகிறவர் போகும் முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அங்கே கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, லாபம் தெரிந்தால்தான் கிளம்புகிறார். திருமணமாகிப் போகும் பெண்ணின் பயணத்தில் இப்படி ஒரு விசாரணையே நடப்பதில்லை. மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்கிறார்கள். அந்த ஊரில் பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் வீடுகள் இன்றும் குறைவு. அதுவும் இந்த மாற்றம் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில் நடக்கிறது. ஓர் ஆண் தொழிலில் முதல் படியில் கால்வைத்து அடுத்த படிக்கு முயலும் அதே வயதில், பெண் தன் படியிலிருந்து இறங்கிப் புதிய ஊரில் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தத் திருமணப் பயணத்துக்கும் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு என்று மார்க் ரோசன்ஸ்வெய்க், ஓடெட் ஸ்டார்க் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 1989-இல் எழுதினார்கள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து திரட்டிய தரவுகளை வைத்து, மகளைத் தொலைவான ஊரில் கட்டிக்கொடுப்பது விவசாயக் குடும்பத்துக்கு ஒருவகைக் காப்பீடு என்று காட்டினார்கள். இங்கே மழை பொய்த்தாலும் சம்பந்தி ஊரில் பொய்க்காமல் இருக்கலாம். சம்பந்தி வீட்டு உறவு கஷ்டகாலத்தில் கைகொடுக்கும். பெண்ணின் பயணத்தால் இரண்டு குடும்பங்களின் நுகர்வு நிலைப்படுகிறது. ஆனால் அது அவள் கைக்கு வரும் சம்பளம் அல்ல.

தெற்கே அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்தில் முடிக்கும் வழக்கத்தால் பெண்ணின் தொலைவு நெடுங்காலம் குறைவாக இருந்தது. வடக்கே பல பகுதிகளில் சொந்த ஊருக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது என்ற கட்டுப்பாட்டால் தொலைவு கூடுதல். பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஒரு தாயோ தங்கையோ இருக்கிறார்கள். தொலைதூரத்துப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு சம்பளங்கள், ஒரு முடிவு

கணவன் மனைவி இருவருமே சம்பாதிக்கும் வீடு ஊர் மாறும்போது என்ன நடக்கிறது என்பதை முறையாக விளக்கியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜேக்கப் மின்சர். 1978-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவர் சொன்னதை ஒரு கற்பனைக் கணக்கால் புரிந்துகொள்ளலாம்.

கோயம்புத்தூரில் ஒரு தம்பதி. கணவனுக்கு மாதம் 40,000 ரூபாய், மனைவிக்கு 30,000. கணவனுக்குச் சென்னையில் 60,000 ரூபாய்க்கு வேலை வருகிறது. மனைவிக்குச் சென்னையில் கிடைப்பது 18,000 ரூபாய் வேலைதான். வீட்டின் மொத்த வருமானம் 70,000-இலிருந்து 78,000 ஆகிறது. 8,000 ரூபாய் கூடுதல் என்பதால் போவதே சரி என்று முடிவாகிறது. குடும்பக் கணக்கில் இது லாபம். பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கு 20,000 ஏற்றம், மற்றவருக்கு 12,000 இறக்கம். தனியாக இருந்திருந்தால் இந்த மனைவி கோயம்புத்தூரை விட்டுக் கிளம்பியிருக்கவே மாட்டாள். இப்படித் துணைக்காக நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு போகிறவரைக் கட்டுண்டு பெயர்பவர் என்கிறது பொருளியல். இதற்கு மறுபக்கமும் உண்டு. மனைவிக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தும் கணவனின் இழப்பு அதைவிடப் பெரிது என்பதால் போகாமல் இருந்துவிடுகிறாள். அவள் கட்டுண்டு தங்கியவள். பெயர்ந்தவளின் இழப்பாவது முன்பின் சம்பளத்தை ஒப்பிட்டால் தெரியும். தங்கியவளின் இழப்பு எந்த ஏட்டிலும் ஏறாது.

மின்சரின் கணக்கில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. மனைவியின் சம்பளம் பெரிதாக இருந்தால் கணவனே கட்டுண்டவன் ஆவான். ஆனால் தொடக்கத்திலேயே ஆணின் சம்பளம் கூடுதலாக இருக்கும் சமுதாயத்தில் ஒவ்வொரு முறையும் ஆணின் வேலைக்கே வீடு நகர்கிறது. நகர்ந்ததால் பெண்ணின் சம்பளம் மேலும் தேய்கிறது. அடுத்த முறை முடிவெடுக்கும்போது அந்தத் தேய்ந்த சம்பளமே அவளுக்கு எதிரான வாதமாக நிற்கிறது. விட்டுப்போன வருடங்களின் அனுபவம், பணிமூப்பு, வருங்கால வைப்புநிதி எல்லாம் அவள் கணக்கில்தான் குறைகின்றன. மணமுறிவோ கணவனின் மரணமோ நேரும் நாளில் குடும்பத்தின் லாபத்தில் அவளுக்குப் பங்கு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அவளுடைய நஷ்டம் மட்டும் அவளோடு இருக்கும்.

இது வெறும் சம்பளக் கணக்குதானா, அல்லது ஆணின் வேலைக்கே முதலிடம் என்ற மனப்பழக்கமா? சீமா ஜெயச்சந்திரனும் அவருடன் பணிபுரிந்த ஆய்வாளர்களும் ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளின் அரசுப் பதிவேடுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தம்பதிகள் வேறு வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தபின் ஆண்களின் வருமானம் பெண்களின் வருமானத்தைவிடக் கூடுதலாக ஏறுகிறது. பாலினச் சமத்துவத்துக்குப் பெயர்போன ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் இந்தப் போக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தது. நிறுவனங்கள் மொத்தமாக ஆட்குறைப்பு செய்த சமயங்களையும் பார்த்தார்கள். கணவன் வேலை இழந்தால் வீடு ஊர் மாறுகிறது. மனைவி வேலை இழந்தால் மாறுவது குறைவு. வருமானத்தைக் கூட்டுவது மட்டுமே குடும்பங்களின் நோக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது. மனைவி சம்பாதிக்கும் ஒரு ரூபாய்க்குக் கணவன் சம்பாதிக்கும் ஒரு ரூபாயைவிடக் குறைந்த மதிப்பே வீட்டுக்குள் தரப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சட்டமும் சலுகைகளும் வலுவாக உள்ள நாடுகளிலேயே இதுதான் நிலை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இந்த எதிர்பார்ப்பு வேலைக்குப் போவதற்கு முன்பே, என்ன படிக்கலாம் என்ற கட்டத்திலேயே புகுந்துவிடுகிறது. எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும் வேலை என்று ஆசிரியப் பணியையும் செவிலியர் பணியையும் பெண்கள் தேர்ந்தெடுப்பதை அமெரிக்கத் தரவுகளை வைத்து ஆலன் பென்சன் 2014-இல் விளக்கினார். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இல்லாத ஊர் இல்லை. சில நகரங்களில் மட்டும் குவிந்திருக்கும் தொழில்களுக்கு ஊர்விட்டு ஊர் போகத் தயாராக இருப்பவர்களே பொருத்தம். அவற்றில் ஆண்கள் நிறைகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் "டீச்சர் வேலைன்னா எங்க போனாலும் பாத்துக்கலாம்" என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் இந்த ஆய்வின் சாரம் முழுதும் இருக்கிறது.

மாற்றல் உள்ள வேலைகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கணவனையும் மனைவியையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-இலேயே வழிகாட்டுதல் தந்து, 2009-இல் அதை மேலும் வலுப்படுத்தியது. தமிழ்நாட்டில் ஆசிரியர் பணிமாறுதல் கலந்தாய்விலும் கணவன் மனைவி என்ற முன்னுரிமை உண்டு. இவை உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடுகள். ஆனால் அரசு வேலையில் இருக்கும் சிறுபான்மைக்கே அவை பொருந்தும். வங்கிகளில் எழுத்தர் நிலையிலிருந்து அதிகாரியாகப் பதவி உயர்ந்தால் வெளியூர் மாற்றல் வரக்கூடும். அதற்கு அஞ்சிப் பதவி உயர்வையே வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் பலர். திறமை இருந்தும் எழுத்தராகவே ஓய்வுபெறும் அவர்களும் கட்டுண்டு தங்கியவர்களே.

இணைக் கூலி

மாதச் சம்பளக்காரர் வீட்டில் மனைவியின் இழப்பைக் கணக்கிடவாவது முடியும். பருவகாலக் கூலிக்காகக் குடும்பத்தோடு பெயர்கிறவர்களிடம் அதுவும் முடியாது. அங்கே பெண்ணுக்குத் தனிக் கூலி என்று ஒன்று இல்லவே இல்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டமும் அதைச் சுற்றிய மராத்வாடா பகுதியும் மழை குறைந்த மண். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஆள் சேர்ப்பவர் முகாதம் எனப்படும் இடைத்தரகர். அவர் தனி ஆளைச் சேர்ப்பதில்லை, கணவன் மனைவி என்ற இணையைத்தான் சேர்க்கிறார். அந்த இணைக்கு அரிவாளின் பெயராலேயே கோய்த்தா என்று பெயர். பருவம் தொடங்கும் முன் முன்பணம் கணவன் கையில் தரப்படுகிறது. அதை இருவரும் சேர்ந்து கரும்பு வெட்டிக் கழிக்கிறார்கள். கூலி டன் கணக்கில் இணைக்குச் சேர்த்தே போடப்படுகிறது. பெண் விடியும் முன் எழுந்து சமைத்துவிட்டு வயலுக்குப் போகிறாள். வெட்டிய கரும்பைச் சோகை கழித்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவதில் பெரும்பங்கு அவளுடையது. மாதவிடாயோ காய்ச்சலோ வந்து ஒருநாள் நின்றால் அபராதம் பிடிக்கப்படுகிறது.

இந்த ஏற்பாடு எந்த அளவுக்குப் போனது என்பது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருப்பதாக வந்த செய்திகளையடுத்து மகாராஷ்டிர அரசு விசாரணைக் குழு அமைத்தது. சுமார் 82,000 பெண்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 13,000-க்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. பலர் நடுத்தர வயதைக்கூட எட்டாதவர்கள். ஒருநாள் கூலியையும் இழக்க முடியாத நிலையும், கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத தங்குமிடமும், லாபம் பார்க்கும் தனியார் மருத்துவமும் சேர்ந்து கொண்டுவந்த கொடுமை அது. பெயர்வால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் வந்தது உண்மை. அதற்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை எந்தக் கூலிப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளிலும் இதே அமைப்புதான். ஒடிசாவின் பொலாங்கீர் பகுதியிலிருந்து திருவள்ளூர் வட்டாரச் சூளைகளுக்கு வருகிறவர்களும் சரி, வடமாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வரும் இருளர்களும் சரி, முன்பணம் வாங்கிவிட்டே வருகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மண் பிசைந்து தருவதும், அறுத்த கல்லைக் காயவைத்துத் திருப்புவதும், அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலை. கணக்கு நோட்டில் இருப்பது கணவனின் பெயர். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் பெண்ணுக்குத் தனி ஊதியமே இல்லாதபோது எதோடு எதை ஒப்பிடுவது? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976-இல் வந்ததுதான். சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்படும் செய்தி இன்றும் வருகிறது.

கட்டட வேலையில் கூலி தனித்தனியாகத் தரப்படுகிறது. அந்த அளவில் அது மேல். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போகும் தம்பதிகளில் இருவருமே கல்லும் மண்ணும் சுமப்பவர்களாகத்தான் தொடங்குகிறார்கள். ஆண் சில வருடங்களில் கரணை பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகிறான். கெட்டிக்காரன் மேஸ்திரியும் ஆகிறான். பெண் சித்தாளாக வந்து, இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளுக்குக் கரணையைக் கையில் கொடுத்துக் கற்றுத்தருபவர் அரிது. நகரம் ஆணுக்குத் தருவது கூடுதல் கூலி மட்டுமல்ல, மேலே ஏற ஒரு வழியும்கூட. பெண்ணுக்கு ஊரில் வாங்கியதைவிடக் கூலி கூடுதலாக இருக்கும், ஆனால் வழி அங்கேயே முடிந்துவிடுகிறது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதற்குக் குறைந்த இடங்களில் சாரத்துக் கம்பில் கட்டிய சேலைத் தூளிதான் காப்பகம்.

நகரத்துக்கு வந்ததும் வேலையை அடியோடு விட்டுவிடும் பெண்களும் ஏராளம். 2023-24 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் 47.6 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். நகர்ப்புறத்தில் அது 28 சதவீதம். கிராமத்து எண்ணிக்கையில் சொந்த வயலிலும் மாட்டுக்கொட்டிலிலும் சம்பளமின்றி உழைப்பவர்களும் அடக்கம். எனவே நகரத்துக்கு வருபவள் இழப்பது எப்போதும் ரொக்கமல்ல. ஆடு மாடும், வயல் வேலையும், கூட மாட உதவும் சொந்தமும் அவள் விட்டுவரும் உடைமைகள். அந்த வெற்றிடத்தில்தான் பலர் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். சம்பளம் குறைவு, விடுப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் நாலு வீடு பார்த்து மாதாமாதம் தன் கையில் வாங்கும் அந்தப் பணம், பல பெண்களுக்குத் தன் பெயரில் வந்த முதல் வருமானம். கூடப் போனவள் சம்பாதிக்கிறவளாக மாறும் இந்த இடத்தை ஆய்வுகள் போதிய அளவு கவனிப்பதில்லை.

தனியாகப் போன பெண்கள்

பெண் தன் வேலைக்காகவே ஊர் மாறும்போது கணக்கு மாறுகிறது. கையில் காசே பார்க்காத நிலையிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வருவதால், விகிதத்தில் அவளுடைய ஏற்றம் ஆணுடையதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களில் பெரும்பகுதியினர் நூற்பாலை, பின்னலாடை, காலணி, மின்னணுத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் பலர்.

இந்தக் கதையின் கசப்பான பகுதி நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம். வறண்ட மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார ஆலைகளுக்கு அழைத்துவந்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். மாதந்தோறும் கையில் கிடைத்தது சொற்பம். உடல்நலம் கெட்டு இடையில் போனவர்கள் பலருக்கு மொத்தத் தொகை கிடைக்கவில்லை. தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் இதைக் கடுமையாக எதிர்த்தன. சம்பளத்தை வரதட்சணைக்கான சேமிப்பாகப் பிடித்துவைத்தபோது, வேலைக்காகவே பெயர்ந்த பெண்ணின் வருமானமும் அவளுடையதாக இல்லாமல் போனது.

விடுதியின் நிலை கெட்டால் வேலையும் கெடும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் உணர்த்தியது. 2021 டிசம்பரில் விடுதி உணவு ஒவ்வாமல் மின்னணுத் தொழிலாளப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, அவர்களின் தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பணிபுரியும் பெண்களுக்காக அரசின் தோழி விடுதிகள் பல மாவட்டங்களில் நடக்கின்றன. பெண்களின் வருமானத்தை உயர்த்த எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் விடுதி கட்டுவது வெளிப்பார்வைக்குச் சிறியது, பலனில் பெரியது. பாதுகாப்பான இடம் இருக்கிறது என்ற ஒரு வார்த்தை இல்லாததாலேயே பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகள் ஏராளம்.

ஆனாலும் இந்த ஏற்றம் பெரும்பாலும் சில வருடங்களுக்குத்தான். இவ்வேலைகளில் பலவும் திருமணமாகாத இளம்பெண்களை எதிர்பார்த்தே அமைந்தவை. திருமணம் என்ற இரண்டாம் பெயர்வு வந்ததும், முதல் பெயர்வு தந்த வருமானம் நின்றுவிடுகிறது. விடுதிகளில் தம்பதிகளுக்கு இடமில்லை, தொழிற்பேட்டைக்கு அருகே குறைந்த வாடகையில் வீடில்லை, பிள்ளையை விடக் காப்பகமில்லை.

ஊரில் தங்கியவர்கள்

ஆண்களுக்கு ஊர் மாறுவதால் வரும் ஆதாயம் பொய்யல்ல. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரப்படி கேரளக் கிராமப்புறத்தில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி சுமார் 850 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் அது 300 ரூபாய்க்கும் கீழே. மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் கேரளத்துக்கு ரயிலேறுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் பட்டியல் ஆண்களின் கூலியை மட்டுமே தருவது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வங்கதேசத்திலும் இதே ஆதாயம் தெரிந்தது. அந்நாட்டின் ரங்பூர் பகுதியில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் பட்டினி வாட்டும். கரேத் பிரையன், ஷியாமல் சௌத்ரி, முஷ்ஃபிக் மொபாரக் ஆகியோர் 2008-இல் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டண அளவில் 600 டாக்கா தந்து, ஒருவரை நகரத்துக்கு வேலைக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்த உதவியால் மட்டும் கூடுதலாக 22 சதவீதக் குடும்பங்கள் ஆள் அனுப்பின. அப்படி அனுப்பிய வீடுகளில் சாப்பாட்டுக்கும் பிற தேவைக்கும் செலவிட முடிந்த அளவு சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. பணம் நின்றபின்னும் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் தாமாகவே போனார்கள். போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

ஆண் போனபின் வயலையும் மாட்டையும் மாமியாரையும் பிள்ளைகளையும் பார்ப்பவள் மனைவி. வீட்டுக்கு வரும் பணம் கூடுகிறது, அவளுடைய வேலையும் கூடுகிறது, அவள் பெயரில் வரும் வருமானம் மட்டும் கூடுவதில்லை. பெயராமலேயே அவளுக்கு வருமானம் தந்த ஏற்பாடாக 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலையைச் சொல்ல வேண்டும். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலையும் ஊருக்குள்ளேயே. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள். வயலில் ஆணைவிடக் குறைந்த கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு, எங்கும் குடிபெயராமல் கிடைத்த கூலி உயர்வு அது.

இவற்றையெல்லாம் எப்படி அளப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. துணிவும் தொடர்புகளும் உள்ளவர்களே முதலில் கிளம்புகிறார்கள். அதனால் போனவர் சம்பளத்தையும் தங்கியவர் சம்பளத்தையும் வெறுமனே ஒப்பிட்டால் பெயர்வின் பலன் மிகையாகத் தெரியும். ரங்பூர்ச் சோதனைபோலக் குலுக்கிப் பிரிப்பதோ, ஒரே ஆளின் முன்பின் வருமானத்தைத் தொடர்ந்து பார்ப்பதோ மேலான முறை. பெண்கள் விஷயத்தில் இன்னொரு பிழையும் நேர்கிறது. சம்பளம் வாங்குபவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால், ஊர் மாறியதால் வேலையை விட்ட பெண்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார்கள். மிஞ்சுபவர்களின் சராசரி நன்றாகவே தெரியும். வருமானம் பூஜ்யமான பெண்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் உண்மையான இழப்பு தெரியவரும்.

கணக்கெடுப்பு ஊர் மாறியதற்கு ஒரேயொரு காரணத்தைத்தான் பதிகிறது. கணவனோடு திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண், திருமணத்துக்காக வந்தவளாகவே எண்ணப்படுகிறாள். கணவனோடு சூளைக்கு வந்தவள் குடும்பத்தோடு வந்தவள் ஆகிறாள். வேலைக்காகப் பெயரும் பெண்கள் மிகச் சிலரே என்ற தோற்றம் இப்படித்தான் உருவாகிறது. இதைப் பெண்கள் ஆய்வு மையங்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. 2011-க்குப் பிறகு தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என அறிவிக்கப்பட்டுள்ளது. வருவதற்கு முன் அவள் வேலையில் இருந்தாளா, வந்தபின் என்ன வேலை செய்கிறாள், கூலி அவள் பெயரில் தனியாக வருகிறதா என்ற கேள்விகளைக் கணக்கெடுப்புகள் காரணத்தோடு சேர்த்துக் கேட்டால், ஊர் மாறுவதால் பெண்கள் அடைந்ததையும் இழந்ததையும் ஆண்களுடையதைப் போலவே எண்களில் எழுத முடியும்.